வேலில் கட்டிய ஆங்கில வரி

விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் நான் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். வெளியூர் வியாபாரிகளுக்குப் போகும் ஆங்கிலக் கடிதமெல்லாம் நான் அடித்ததுதான். என்ன விஷயமாக இருந்தாலும் என் கடைசி வரி ஒன்றுதான்: 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்'. ஆக வேண்டியதைச் செய்யுங்கள் என்று அர்த்தம். டைப்பிங் படித்த நாளிலிருந்து அது விரலோடு ஒட்டிக்கொண்டது.

புதிதாக வந்த மேனேஜர் என்னைவிடச் சின்னவர். அந்த வரியைக் கண்டாலே சிவப்பு மையால் அடித்துவிடுவார்.

"என்ன செய்யணும்னு அவங்களுக்கே தெரிஞ்சிருந்தா இதைப் போடலாங்க. இல்லன்னா சரக்கு வேணுமா, செக்கு வேணுமான்னு நாமதான் சொல்லணும்."

அவர் சொன்னது சரிதான். சரியாக இருந்ததாலேயே எனக்கு எரிச்சல்.

அந்தச் சமயத்தில்தான் துபாய்க்கு வேலைக்குப் போன என் கணவரிடமிருந்து போன் வருவது நின்றுபோனது. கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் ஒத்துப்போனதே இல்லை. ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போதுகூட என்னோடு பேசாமல்தான் கிளம்பினார். அவர் போன பிறகு வீடு நிம்மதியாக இருந்தது உண்மை. போன் நின்ற பிறகு எனக்குச் சோறு இறங்காததும் உண்மை.

"பிராது கட்டிடலாம்" என்றார் மாமியார். எங்கள் பக்கத்தில் குறை இருந்தால் முருகனுக்கு மனு எழுதி, கோயிலில் நட்டிருக்கும் வேலில் கட்டுவார்கள். போலீசில் எழுதிக் கொடுப்பதுபோல பெயர், ஊர், தெரு, குறை, என்ன வேண்டும் என்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். கோயிலுக்குப் போனதும், ஆபீஸ் வேலை பார்க்கிறவள் ஆயிற்றே என்று பேனாவை என்னிடமே கொடுத்துவிட்டார்.

குறைவரைக்கும் மளமளவென்று எழுதிவிட்டேன்.

"அவன் வூட்டுக்கு வந்து சேரணும்னு எழுதும்மா."

பேனா நகரவில்லை. வர வேண்டும் என்று எழுத மனம் வரவில்லை. வர வேண்டாம் என்று எழுதக் கை வரவில்லை. சாமிக்குப் பொய் எழுதவும் பயம். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் அந்த ஆங்கில வரியை எழுதிக் காகிதத்தை மடித்துவிட்டேன்.

"என்னா எழுதுன?"

"ஆக வேண்டியதச் செய்யுங்கன்னு எழுதியிருக்கேன் அத்தை. இங்கிலீசுல."

"சாமிக்கு இங்கிலீசு தெரியுமா?"

"எல்லாம் தெரியும்" என்றேன் கோபமாக. மேனேஜர் பார்த்திருந்தால் இந்த ஒரு இடத்தில் அடித்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டே வேலில் கட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. அவர்தான்.

"கம்பெனிய மூடிட்டாங்க. கேம்ப்ல அடைஞ்சு கெடந்தோம், போன் பண்ண வழியில்ல. இப்ப ஊருக்கு அனுப்புறாங்க. கையில ஒண்ணும் இல்ல."

பிறகு, "நான் வூட்டுக்கு வரட்டுமா?" என்றார்.

எதையும் என்னைக் கேட்டுச் செய்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. மாமியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தைத் துடைத்த பிறகுதான் நான் அழுதுகொண்டிருந்தது எனக்கே தெரிந்தது.

"வாங்க" என்றேன்.