சிவப்பே இல்லாத படகு

தாய்லாந்தின் சத்தூன் கால்வாய்க் கரையில் இருக்கும் எங்கள் படகுப் பட்டறையில், சம்ரான் அண்ணன் எந்தப் படகுக்கு அடியில் இருக்கிறார் என்று தேடவே வேண்டாம். யுபின் அக்காவின் குரல் வருகிற பக்கம் போனால் போதும். வெள்ளைக்காரர்களின் பாய்மரப் படகுகளைக் கரையேற்றி நிறுத்தியதும், அடிப்பக்கத்துப் பழைய பெயிண்டைச் சுரண்டி எடுப்பது புருஷன் பெண்டாட்டி இருவரின் வேலை. சிப்பியும் பாசியும் ஒட்டாமலிருக்க அடிக்கிற விஷப் பெயிண்ட் அது. தூளாகப் பறந்தால் நெஞ்சுக்கு ஆகாது. அதனால் அக்கா குழாயில் தண்ணீர் பீய்ச்சுவார், அண்ணன் சுரண்டுவார். தண்ணீர் நின்றாலும் அக்காவின் பேச்சு நிற்காது.

நான் சாமான் அறைக்காரன். பிளேடு, உப்புத்தாள், பெயிண்ட் எல்லாம் என் ஜன்னலில்தான் வாங்க வேண்டும். அந்த ஜன்னலுக்கு நேரே இவர்கள் வேலை செய்தால் அன்றைக்கு எனக்குத் தலைவலி நிச்சயம். சித்தி மகளின் இரண்டாவது கல்யாணம், மீன்காரி எடையில் ஏமாற்றியது, பக்கத்து வீட்டு நாய் யாரைக் கடித்தது, எல்லாம் வரும். நடு நடுவே “போதும், நகரு” என்று புருஷனுக்கு ஒரு அதட்டல். நாங்கள் அக்காவுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தோம்.

“உங்க ரேடியோவுக்கு பேட்டரியே தீராதா அண்ணே?” என்று கேட்டால் அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

“ஒரு இடத்துல நின்னு நிம்மதியா சுரண்ட விடுறாளா பாரு. மாடு ஓட்டுற மாதிரி ஓட்டுறா.”

சம்ரான் அண்ணன் வாலிபத்தில் மீன்பிடிப் படகில் போனவர். இருட்டில் எதிரே வருகிற படகின் விளக்கு நிறத்தைப் பார்த்து அது எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல வேண்டிய வேலையில் அடிக்கடி தப்பாகச் சொல்லி, தூங்குமூஞ்சி என்று திட்டு வாங்கி, கரைக்கு வந்துவிட்டார். அவர் தூங்கவே இல்லை என்று இன்றைக்கும் சாதிப்பார். கரைக்கு வந்த பிறகு கல்யாணம், அப்புறம் இந்தச் சுரண்டல் வேலை. இதில் அவரை யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

போன மழைக்கு முன்னால் மகளுக்குப் பிரசவம் என்று அக்கா ஹாட் யாய் நகரத்துக்குப் போனார். “காதுக்கு லீவு” என்று அண்ணன் சிரித்தார். யாப் என்கிற டச்சுக்காரரின் படகு அப்போதுதான் கரையேறியிருந்தது. யாப் சொன்னதை நான்தான் அண்ணனுக்கு மொழிபெயர்த்தேன். மேலே இருக்கிற பச்சை பழைய பெயிண்ட், அதை எடுக்க வேண்டும். அதற்கு அடியில் சிவப்பு வரும். அது படகுக்குள் ஈரம் இறங்காமல் காக்கிற பூச்சு, அதைத் தொடக் கூடாது. அமாவாசைக்குக் கடல்நீர் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். அந்த நீரை விட்டால் பௌர்ணமி வரை எங்கள் கால்வாயில் பெரிய படகை இறக்க முடியாது.

“சிவப்பு வந்ததும் நிறுத்தணும். அவ்வளவுதான?” என்று அண்ணன் கிளம்பினார். குழாயை ஒரு முட்டுக் கம்பத்தில் கட்டிக்கொண்டு தனியாகவே ஆரம்பித்தார்.

மறுநாள் என் ஜன்னலுக்கு வந்தார். முழங்கை வரை சிவப்பு, சட்டையெல்லாம் சிவப்பு.

“வேற பிளேடு குடு தம்பி. இந்தப் பெயிண்டு கல்லு மாதிரி இருக்கு.”

“சிவப்பு வந்துருச்சா அண்ணே?”

“அதான் புரியல. பச்சையைச் சுரண்டிக்கிட்டே போனேன், நேரா வெள்ளை வந்துருச்சு. சரி, வேற இடத்துல இருக்கும்னு நகர்ந்து பாத்தேன். அங்கயும் வெள்ளை. அந்த ஆளு வேற ஏதோ படகை நெனச்சு சொல்லிட்டான் போல. இதுல சிவப்பே கிடையாது.”

நான் அவர் கைகளையே பார்த்தேன். “அப்போ கையில இருக்கிறது என்ன?”

“இதுவா? பச்சைதான். வேற என்ன?”

விளையாடுகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவருக்கு விளையாடத் தெரியாது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். படகின் வலப்பக்கம் முழுக்கத் திட்டுத் திட்டாக வெள்ளை. ஒவ்வொரு திட்டையும் சுற்றிச் சிவப்பு, அதற்கப்புறம்தான் பச்சை. தரையில் சிவப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது. அண்ணன் அதிலேயே நின்றுகொண்டு, “எங்க இருக்கு, காட்டு” என்றார். விரலை வைத்துக் காட்டினேன். விரலைப் பார்த்தார், படகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தம்பி, என்னைய வச்சு வேடிக்கை பண்றியா?”

இத்தனை படகுகளைச் சரியாகச் சுரண்டிய மனிதர் அவர்.

மேலாளர் கமோன் வந்தார், யாப்பும் வந்தார். யாப் கத்தவில்லை. வெள்ளைத் திட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவியபடி படகைச் சுற்றி நடந்தார். கமோன் இரண்டு பெயிண்ட் மூடிகளைத் தரையில் போட்டு, “எது சிவப்பு?” என்றார். அண்ணன் மூடிகளைக் கொஞ்ச நேரமும் எங்கள் முகங்களை ரொம்ப நேரமும் பார்த்தார். கடைசியில் பச்சையைத் தொட்டார். வெல்டிங் பசங்கள் சிரித்தார்கள். ஒருவன் சாப்பாட்டுக் கடைக்கு ஓடிப் பழுத்த மிளகாயும் பச்சை மிளகாயும் எடுத்து வந்து நீட்டினான். அவன் அம்மாவை இழுத்துத் திட்டி விரட்டினேன்.

கமோன் சிரிக்கவில்லை. “கவனக்குறைவுன்னா கூலியைப் பிடிச்சுட்டு விட்டுருவேன். நெறமே தெரியாதுன்னா எப்படிய்யா படகைத் தொட விடுறது? இந்தக் கரையில எவனும் விடமாட்டான்.” யுபின் வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று போய்விட்டார்.

அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். “கண்ணு போகுதா தம்பி? அந்தக் கரையில கொக்கு நிக்கிறது தெரியுதே. கண்ணு போச்சுன்னா, போன மாசம் எப்படிச் சரியா நிறுத்தினேன்?” எனக்கும் விளங்கவில்லை.

யுபின் அக்கா மறுநாள் வேனில் வந்து இறங்கினார். படகைப் பார்த்தார். பையைக் கூட வைக்காமல் நேரே கமோனின் அறைக்குப் போனார். யாப் அங்கே இருந்தார். அண்ணனும் நானும் பின்னாலேயே போனோம்.

“தப்பு என்னுது. வெள்ளை வர்ற வரைக்கும் சுரண்டுன்னு போன்ல நான்தான் சொன்னேன். அவருக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. கூலியைப் பிடிச்சுக்கோங்க” என்றார் அக்கா.

கமோன் பெருமூச்சு விட்டார். அவருக்கும் இப்படி முடிந்தால் நிம்மதி. வேலை தப்பித்தது என்று நானும் நினைத்தேன். சம்ரான் அண்ணன் வாயைத் திறந்தார்.

“அவ சொல்லல. போன்ல கொழந்தை யாரு ஜாடைன்னுதான் பேசிட்டு இருந்தோம்.”

“நீ சும்மா இருய்யா.”

“எதுக்கு பொய் சொல்ற? உனக்கு ஏதோ தெரியுது.” அக்காவின் பக்கம் திரும்பினார். “எனக்கு சிவப்பு தெரியலன்னு உனக்குத் தெரியுமா?”

அக்கா தரையைப் பார்த்தார். “நம்ம மொதல் படகுலயே தெரியும்.”

“அதான் போதும் நகரு, போதும் நகருன்னு சொன்னியா?”

“ஆமா.”

“அதுக்கு எதுக்கு நாள் பூரா வாய் ஓயாம பேசணும்?”

“அதை மட்டும் சொல்லிட்டு நின்னா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்ல. உன்னைய தொரத்தி விட்டுருப்பாங்க. அதான் நடுவுல நடுவுல சேத்து சொன்னேன்.”

“அப்போ அந்தக் கதையெல்லாம்?”

“பாதி பொய். தினமும் பேசுறதுக்கு அவ்வளவு என்ன நடக்குது இந்த ஊர்ல?”

என்ன பேசுகிறார்கள் என்று யாப் என்னிடம் கேட்டார். ரேடியோ என்று பெயர் வைத்த அதே வாயால் எல்லாவற்றையும் ஒருவழியாகச் சொன்னேன். யாப் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, இடப்பக்கம் இன்னும் தொடாமல் இருக்கிறது, இருவரும் சேர்ந்து செய்யட்டும் என்றார். தான் பௌர்ணமி நீரில் படகை இறக்கிக்கொள்வதாகவும் சொன்னார். வலப்பக்கத்துக்குக் கூலி கிடையாது என்று கமோன் முறைத்தார். இடப்பக்கத்துக்குப் புது பிளேடு கொடுக்கச் சொன்னார்.

அன்று மத்தியானமே ஆரம்பித்தார்கள். அக்கா குழாயைப் பிடித்தார், அண்ணன் சுரண்டினார். இனி மறைக்க ஒன்றுமில்லை. சிவப்பு வந்ததும் அக்கா “நிறுத்து” என்றார். அவர் நிறுத்தி நகர்ந்தார். மறுபடி “நிறுத்து.” நடுவில் ஒரு வார்த்தை இல்லை. வெல்டிங் பசங்கள் கூட வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் சுரண்டியைத் தாழ்த்தினார். திரும்பாமலே, “ஏதாவது பேசேன்” என்றார்.

“என்னத்தைப் பேசுறது? அதான் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே.”

“பரவால்ல. பொய்யாவே சொல்லு.”