வலி என்றால் பீடி

திருவனந்தபுரத்தில் நான் ஆலோசகராக வேலை பார்க்கும் குடி மறுவாழ்வு மையத்தில் பீடி, சிகரெட் குடிப்பதற்கு 'வலி' என்றுதான் பெயர். மலையாளத்தில் பீடியை வலிப்பார்கள். உடம்பு நொந்தால் வேதனை என்பார்கள். நான் இதே ஊரில், தமிழர்கள் நிறைந்த சாலைக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்த தமிழச்சி. இரண்டு பாஷையும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று பீற்றிக்கொண்டு திரிந்தவள்.

குடியை நிறுத்த வருகிறவர்களைப் பீடியையும் சேர்த்து நிறுத்தவைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது நான்தான். "ஆத்யம் குடி நிக்கட்டே, பீடி பின்னெ நோக்காம்" என்றார் எங்கள் டாக்டர், முதலில் குடி நிற்கட்டுமாம், பீடியைப் பிறகு பார்க்கலாமாம். குடியை விட்டவனைப் பீடி தின்று தீர்த்தால் பரவாயில்லையா என்று எல்லோர் முன்னாலும் சண்டை போட்டேன். சரி, ஒரு ஆளை வைத்துச் செய்து காட்டு என்றார்.

அந்த ஆள் தென்காசிப் பக்கத்துக் கொத்தனார், ஐம்பது வயது. மனைவிக்குத் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவும் வேலை. நாளுக்கு இரண்டு கட்டு பீடி குடித்த மனுஷன், சேர்ந்த அன்றே கட்டை என் மேஜையில் வைத்துவிட்டார். அவர் தோற்றால் நான் தோற்றேன் என்று ஆகிவிட்டது.

நான்காம் நாள் காலை ஒன்பதரை மணி. கீழே புதிதாகச் சேர்ந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். வார்டு நர்ஸ், வேலைக்குப் புதிதாக வந்த மலையாளப் பெண், மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சேச்சி, ஆ தமிழன் சேட்டன் 'வலி, வலி' எந்நு பறயுந்நு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாலு நாள் தாங்க முடியவில்லையா? டாக்டர் முகத்தில் எப்படி முழிப்பேன்? பீடி கொடுக்கவே கூடாது, பத்து நிமிஷம் பொறுக்கச் சொல், தண்ணீர் குடிக்கச் சொல், மறுபடி கேட்டால் மறுபடி பத்து நிமிஷம் என்று மலையாளத்தில் சொல்லி அனுப்பினேன். ஆசை வந்தால் தள்ளிப்போடுவது எங்கள் வழக்கமான வைத்தியம்.

பத்தரைக்குத் திரும்ப வந்தாள். "சேச்சி, பின்னெயும் வலி தன்னெ. ஆள் வியர்க்குந்நுண்டு."

பீடி இல்லாவிட்டால் வியர்க்கத்தான் செய்யும், படபடக்கத்தான் செய்யும் என்று அவளுக்கே பாடம் நடத்தினேன். பதினெட்டுப் படி. ஏறிப்போய் ஒரு எட்டுப் பார்த்திருக்கலாம். போனால் மனம் இரங்கிவிடுவேனோ என்று பயம். சண்டாளி, உட்கார்ந்தே இருந்தேன்.

பதினோரு மணிக்கு அவர் மனைவி பார்க்க வந்தார். மேலே போன கையோடு அலறல் கேட்டது.

"யம்மா, யாராவது வாங்களேன்! நெஞ்சு வலிக்கின்னு சொல்லுதாக, சட்டையெல்லாம் நனைஞ்சு கெடக்கு! காலையிலேருந்து சொல்லுதாகளாம், ஒருத்தரும் பாக்கலியே!"

வலிக்கி. தமிழ் வலி. படிகளை எப்படி ஏறினேன் என்று தெரியாது. கட்டிலில் நெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் காலித் தண்ணீர் பாட்டில். டாக்டர் ஓடி வந்து பார்த்துவிட்டு ஆம்புலன்ஸை வரச் சொன்னார். "பீடியாணெந்நு விசாரிச்சு சேச்சி" என்று நர்ஸ் அழுதாள், பீடி கேட்கிறார் என்றே நினைத்துவிட்டாளாம். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியுமே!

ஆஸ்பத்திரியில் இதயப் பிரிவு வாசலில் அவர் மனைவி என் கையை விடவே இல்லை. "பொழச்சிருவாகளா மேடம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். யார் கையைப் பிடித்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. மூன்று மணி நேரம் கழித்து ஒரு டாக்டர் வெளியே வந்து, அடைப்பை எடுத்துவிட்டோம், இன்னும் அரைமணி போயிருந்தால் எங்கள் கையில் இல்லை என்றார். அந்த அம்மாள் என்னைத்தான் கும்பிட்டார்.

மூன்றாம் நாள், நடந்ததை நானே சொல்லித் தீர வேண்டும் என்று அவரைப் பார்க்கப் போனேன். வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"வலி வந்தா பத்து நிமிசம் பொறு, தண்ணி குடின்னு நீங்க சொல்லிவிட்டதா அந்தப் புள்ள கையக் காட்டிச் சொல்லிச்சு. ஒம்பது தடவ பொறுத்தேன் மேடம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பத்தாவதுக்குத்தான் முடியல. கோச்சுக்கிடாதீங்க."