நூறு வோல்ட் பெட்டி

செம்பூர் திலக் நகரில் இருக்கிறேன். ஜப்பான் பொம்மை ரயில்களைச் சேர்ப்பது என் பைத்தியம். ரயிலை ஓட்டும் கன்ட்ரோலர் பெட்டி ஒன்றை, ஜப்பானில் யாரோ பயன்படுத்தியதை, கல்யாணில் ஒருவனிடம் வாங்கினேன். அதன் தட்டைப் பின் நம் பிளக் பாயிண்டில் நுழையவில்லை.

"கன்வர்ட்டர் பின் போட்டுச் செருகுங்க அண்ணே, சலேகா, ஓடும்" என்றான். அப்படியே செய்தேன்.

ஞாயிறு மத்தியானம் ரயில் என்றுமில்லாத வேகத்தில் ஓடியது. மடையன், பூரித்துப் போனேன். பெட்டி அருகே பாயில் ஆறு வயது மகள் குப்புறப் படுத்திருந்தாள்.

"அப்பா, இந்தப் பெட்டி உறுமுதுப்பா."

"ஜப்பான் சாமான்டி, அப்படித்தான் இருக்கும்."

பெட்டி அனலாய்க் கொதித்ததை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். மகள் எழுந்து போன மறு நிமிஷம் பெட்டி வெடித்தது. அவள் தலை வைத்திருந்த இடத்தில் பாய் எரிந்தது.

மனைவி ஓடிவந்து மெயினை அணைத்தாள். "புள்ளைய விட இந்த ரயில் பெருசாப் போச்சா உங்களுக்கு?" என்று கத்தினாள். நான் வாளித் தண்ணீரை எடுத்துப் பாயில் ஊற்றினேன்.

கருகிய பெட்டியின் அடியில் நூறு வோல்ட் என்று இருந்தது. நம் வீட்டில் வருவது இருநூற்று முப்பது. பின் நுழைந்தால் போதும் என்று நினைத்தேன்.

இப்போது நூறு வோல்ட்டாகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் எதையும் செருகுவதில்லை. ஜப்பான் பெட்டி வாங்கியதாக யார் போனில் சொன்னாலும், அடியில் இருக்கும் எண்ணை வாசிக்கச் சொல்கிறேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வாசிக்கும் வரை போனை வைப்பதில்லை.