கணினி வைத்த ஒப்பாரி

செய்தி பள்ளிக்கூட பஸ்ஸில்தான் வந்தது. நோட்டன் பிரிட்ஜில் பஸ் நின்றதும் கண்டக்டர் அண்ணன், "கொமினிகேஷன் கடை புஷ்பம் அக்கா விடியக்காலையில போயிட்டாங்களாம்" என்றார். எங்கள் பள்ளி ஒப்படைகளையெல்லாம் அச்செடுத்துத் தந்த கடை மூடிக் கிடந்தது.

துக்கத்தைச் சிரித்து எழுதினால் அம்மா விட மாட்டார். அந்தப் பயத்தில், எல்லோரும் தூங்கிய பின் போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். ஆனால் அக்காவை அறிந்தவர்களுக்குத் தெரியும், அவரைச் சிரிக்காமல் நினைப்பது கஷ்டம்.

போன மழைக்காலத்தில், பள்ளி விட்டு நான் அக்காவுக்கு உதவியாக நின்ற நாட்களில், கடைக் கணினியில் இடமே இல்லாமல் போயிற்று. அக்கா காலையில் எதையாவது அழிப்பார். மாலைக்குள் மறுபடி நிறைந்துவிடும். பிறகு அச்சும் வராது, ஒன்றும் அசையாது.

"அந்தக் காமன்கூத்து வீடியோவத் தூக்குங்க. அதுதான் பெருசு" என்றார் பக்கத்துக் கடை அண்ணன்.

மன்மதன், ரதி கதையை ஆடும் அந்தக் கூத்தில் அக்காவின் கணவர் கடைசியாக ரதி வேஷம் கட்டி ஆடியது அது. வேறு பிரதி இல்லை. போனுக்கு மாற்றப் பார்த்தோம். கணினி பாதியில் நின்றுவிட்டது.

அக்கா அழிக்க விடவில்லை. "அவரு உசிரோட இருந்தப்பவே யாரு எடத்தையும் அடைச்சதில்ல. இப்பயா அடைக்கப் போறாரு? அந்த வீடியோ நேத்து எவ்வளவோ, இன்னைக்கும் அவ்வளவுதான். வளர்றது வேற என்னமோ. அதத் தேடு புள்ள!"

தேடினேன். நாங்கள் யாரும் உருவாக்காத கோப்புகள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. ஒன்றைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஒரே வரி: பிரிண்டரைக் காணவில்லை.

இடி விழுந்து கருகிய பழைய பிரிண்டரை அக்கா எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டிருந்தார். அதன் மென்பொருளை மட்டும் நீக்கவில்லை. அது செத்த பிரிண்டரை ஓயாமல் தேடித் தேடி, காணவில்லை, காணவில்லை என்று எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடியாத்தி! என் புருஷனுக்கு நான்கூட இம்புட்டு ஒப்பாரி வைக்கலயே! போதும் சாமி, எந்திரி!" என்று கணினியைத் தட்டினார்.

மென்பொருளை நீக்கி, கோப்புகளை அழித்ததும் கணினி மூச்சு விட்டது. முதல் வேலையாக அக்கா அந்த வீடியோவைத் தன் போனிலும் என் அம்மாவின் போனிலும் போட்டார். "ரெண்டு வீட்டுல இருந்தா பயமில்ல."

அம்மாவின் போன் இப்போது என் கையில். ஒலியைக் குறைத்துப் பார்க்கிறேன். ரதி வேஷத்தில் அக்காவின் கணவர் சுழன்று ஆடுகிறார். படம் திடீரெனக் குலுங்குகிறது. வீடியோ எடுத்தவரின் முகம் அதில் எங்கும் இல்லை, குரல் இருக்கிறது.

"ஏங்க, சேல அவுருது, புடிங்க!"

அதன்பின் கூத்து முடியும்வரை அடங்காத சிரிப்பு. என்னிடம் இருக்கும் புஷ்பம் அக்கா அதுதான்.