ஊறுகாய் பாட்டிலில் அண்ணன்

எனக்குக் கைவேலைக் கிறுக்கு உண்டு. காலியான ஊறுகாய் பாட்டிலைத் தூக்கிப்போட மனசு வராது. போட்டோவைக் கண்ணாடியில் ஏற்றும் வித்தையை போனில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். செக்காலை ரோட்டு ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் எடுத்து, அதன்மேல் அகல டேப்பை ஒட்டி, தண்ணீரில் ஊறவைத்துத் தாளை விரலால் தேய்த்து எடுத்தால் படம் மட்டும் டேப்பில் நிற்கும். அதைப் பாட்டிலில் ஒட்டி, உள்ளே குட்டி மெழுகுவத்தி ஏற்றினால் படம் ஒளிரும். கோபுரம், தாமரை, மயில் என்று செய்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தேன். ஆள் முகம் என்று முதலில் ஏற்றியது என் அண்ணனைத்தான்.

அண்ணன் மதுரையில் இதய ஆபரேஷன் முடிந்து, நாச்சியாபுரம் வீட்டுக்குத் திரும்பியிருந்தார். என் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு அவர் சிரிக்கும் போட்டோவை எடுத்துக்கொண்டேன். தேய்க்கும்போது காது கொஞ்சம் பிய்ந்தது. சொன்ன பேச்சைக் கேட்காத காதுதானே, போகட்டும் என்று சிரித்துக்கொண்டேன்.

சாயங்காலம் போய், டியூப் லைட்டை அணைத்துவிட்டு பாட்டிலுக்குள் மெழுகுவத்தியை ஏற்றினேன். அண்ணன் கட்டிலில் இருந்தபடி, "அட, நான் இம்புட்டு அழகா?" என்றார். அடுப்படியிலிருந்து கஞ்சியோடு வந்த மதினி அப்படியே நின்றுவிட்டார்.

"அடிப்பாவி! உசுரோட இருக்கிற மனுசன் படத்துக்கா விளக்கு ஏத்துற?"

மெழுகுவத்தியும் விளக்குதான் என்பது அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. நான் கை வைப்பதற்குள் மதினி குனிந்து ஊதிவிட்டார். சாமி விளக்கைப் பூவால் குளிரவைக்கிறவர். வாயால் ஊதி நான் பார்த்ததே இல்லை. ஊதிய பிறகே, தான் செய்தது புரிந்து, வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணாடியில் அண்ணன் இருண்டுபோயிருந்தார்.

"விடுங்க ரெண்டு பேரும். மாத்திரை போட்டு வைக்க ஒரு பாட்டில் ஆச்சு" என்றார் அண்ணன்.

மறுநாள் மதினிக்கு போன் செய்தேன். "தெரியாமச் செஞ்சிட்டேன் மதினி. தப்பா நினைச்சுக்கிட்டீகளா?"

"நினைச்சு என்ன ஆகப் போகுது" என்று வைத்துவிட்டார்.

நாலு மாதம் கழித்து, ஒரு காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த அண்ணன் அப்படியே சாய்ந்துவிட்டார். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, தீக்குச்சி உரசிய விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கம் துக்க வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்துத்தான் அழுவோம். மதினி வந்தவர்களையெல்லாம் கட்டிக்கொண்டு அழுதார், பால்காரம்மா உட்பட. நான் குனிந்தபோது மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டார். கூடப்பிறந்தவள் நான், தனியாகச் சுவரில் சாய்ந்து அழுதேன். அவர் மேல் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்று அதையும் விழுங்கினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மாலை போட்ட பெரிய படத்துக்கு முன்னால் நான் மட்டும் இருந்தேன். மதினி உள்ளேயிருந்து அந்த பாட்டிலைக் கொண்டுவந்தார். மிச்ச மாத்திரைகளைத் தரையில் கொட்டினார். அன்று ஊதி அணைத்த அதே மெழுகுவத்தியை முந்தானையிலிருந்து எடுத்து உள்ளே வைத்தார். எங்கே வைத்திருந்தாரோ, இத்தனை நாளும் அதைத் தூக்கிப்போடவில்லை.

தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார்.

"இங்குட்டு வந்து உக்காரு. இப்ப ஏத்து. இனிமே ஒண்ணும் ஆகாது."

மூன்று குச்சி அணைந்துபோனது. நாலாவதற்கு மதினி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சாம்பார் வாளியோடு, பிய்ந்த காதோடு அண்ணன் வெளிச்சமானார். மதினி பிடித்த கையை விடவில்லை.