மருதையனின் இரண்டு மணி நேரம்

மருதையன் தென்னை மரத்திலிருந்து விழுந்தான் என்றுதான் ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அது பொய். அவன் விழுந்தது வைக்கோல் போரிலிருந்து. பன்னிரண்டு அடி உயரம்கூட இருக்காது. மேலே நின்று வைக்கோலை மிதித்துக்கொண்டிருந்தவன் சறுக்கி, கீழே நின்ற வண்டியின் நுகத்தடியில் முதுகு மோத விழுந்தான். முப்பத்திரண்டு வயது ஆம்பிளை வைக்கோலில் வழுக்கி முதுகொடிந்தான் என்று சொல்ல ஊருக்கே கூச்சம் போலிருக்கிறது. தென்னை என்றால் கொஞ்சம் மரியாதை.

அது அறுபத்தொன்பதாம் வருஷம். தூக்கியவர்கள் நல்ல மனதோடுதான் தூக்கினார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கோணியை மடிப்பதுபோல் மடித்து வண்டியில் போட்டார்கள். முதுகெலும்பில் மிச்சமிருந்ததும் அதில் போயிற்று; இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமலாயிற்று. ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸம்மா அவன் மனைவி அம்சவல்லியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "கால் போனதால யாரும் சாகறதில்லம்மா. படுத்த இடத்துல புண்ணு வந்துதான் சாகறாங்க. அவருக்கு வலி தெரியாது. நீதான் பார்க்கணும். ரெண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போடு."

அம்சவல்லி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். கூத்தாநல்லூரில் சைக்கிள் கடை வைத்திருந்த மூஸா, மருதையனின் பழைய கூட்டாளி, தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். அதைப் பார்த்துப் பார்த்துப் புரட்டினாள். மூத்திரக் குழாயைக் கழுவினாள். முகம் பார்க்கும் கண்ணாடியை அவன் பின்புறம் பிடித்து எங்காவது சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்த்தாள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வீட்டை விட்டு நகர முடியாதவள் நடவுக்கு எப்படிப் போவாள்? மிராசுதாரிடம் குத்தகைக்கு எடுத்த ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலத்தையும் மருதையனின் தம்பி, தனிக்குடித்தனம் போயிருந்த இளையபெருமாள்தான் பார்த்துக்கொண்டான்.

மருதையன் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அவனுக்கு அவமானமாக இருந்தது. தன் உடம்பைத் தானே கழுவ முடியாத அவமானம். அதைவிட, வயலுக்குத் தண்ணீர் வந்ததா என்று ஒருவரும் அவனிடம் கேட்பதில்லை என்ற கோபம்.

எழுபத்தொன்றில் மிராசுதாரின் காரியஸ்தர் செல்லதுரை வந்தார். டெல்டா முழுக்க வரப்புச் சண்டையும் கொடியும் கூட்டமுமாக இருந்த நேரம். குத்தகைதாரர் பெயரை அரசாங்கப் பதிவேட்டில் ஏற்றும் சட்டம் வந்து, மிராசுதார்கள் எல்லாம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். செல்லதுரை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரொம்பப் பரிவாகப் பேசினார்.

"மருதையா, தானோ குடும்பமோ உடம்பால உழைச்சாதான் பதிவாம். தனிக்குடித்தனம் போன தம்பி கணக்குல வராது. நீ எங்கே உழைக்கிறே? பேசாம விட்டுக்கொடுத்ததா ஒரு கையெழுத்துப் போடு. ஐயா உன்னைக் கைவிட மாட்டாங்க."

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றான் மருதையன். அவர் படி இறங்கியதும் அம்சவல்லியிடம், "என்னை நாத்தங்காலுக்குத் தூக்கிட்டுப் போ" என்றான்.

அவளும் இளையபெருமாளும் பலகையில் உட்கார வைத்து நாற்றங்காலில் இறக்கினார்கள். அங்கேதான் அந்த அதிசயம் நடந்தது. காய்ந்த தரையில் கல்லாகக் கனத்த உடம்பு, சேற்றில் கையை ஊன்றித் தள்ளினால் பலகையோடு வழுக்கிக்கொண்டு போனது! இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவன் தானாக ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போனான். சந்தோஷத்தில் மத்தியானம் வரை நாற்றுப் பறித்தான்.

சாயங்காலம் கண்ணாடியில் புண் தெரிந்தது. எட்டணாக் காசு அகலம். ஒரு வாரத்தில் அது குழியாயிற்று, காய்ச்சல் வந்தது. இரண்டு மாதம் குப்புறக் கிடந்தான். அம்சவல்லி அழுதாள், பிறகு கத்தினாள்: "நிலம் போனா கூலிக்குப் போவேன். நீங்க போனா நான் எங்கேங்க போவேன்?"

ஆனால் மருதையனுக்கு விட மனமில்லை. மூஸாவை வரச்சொன்னான். மூஸா பழைய லாரி ட்யூபை வெட்டி ஒட்டி, பலகைமேல் கட்டுகிற அளவுக்கு ஒரு மெத்தை செய்தான். காற்றைப் பாதிதான் அடிக்க வேண்டும், முழுக்க அடித்தால் கல்லாகிவிடும் என்று கண்டுபிடிக்க நாலு நாள் ஆயிற்று. அட்டை கடித்தாலும் தெரியாத கால்களுக்கு அம்சவல்லி எண்ணெய் தடவித் துணி சுற்றினாள். குழாயைச் சுருட்டி வயிற்றோடு கட்டினாள். பிறகு நிபந்தனை போட்டாள்: "ரெண்டு மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. வரப்புல ஒரு மணி நேரம் குப்புறப் படுக்கணும். அப்புறம்தான் மறுபடி சேறு."

"சரி" என்றான். அந்தச் சம்பாவில் விதை முளைகட்டியது, தெளித்தது, களை எடுத்தது எல்லாம் அவன். நாற்றில் பாதியைப் பறித்ததும் அவன்தான். அவன் சேற்றில் இருக்கும் இரண்டு மணி நேரம் அம்சவல்லிக்கும் கை ஓய்ந்தது. அந்த நேரத்தில் அவளும் இறங்கி நட்டாள்.

எழுபத்திரண்டில் மிராசுதார் தரப்பு ஆட்சேபணை மனு கொடுத்தது. பதிவு தாசில்தார் நிலத்துக்கே வந்து பார்ப்பதாக நோட்டீஸ் வந்தது. ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, காலை எட்டு மணி.

ஏழரைக்கே மருதையன் இறங்கிவிட்டான். எட்டாயிற்று, ஒன்பதாயிற்று. ஜீப்பைக் காணோம். ஒன்பதரைக்கு அம்சவல்லி கடிகாரத்தைக் காட்டினாள்.

"ஏறுங்க."

"அம்சம், இன்னும் அரை மணி. நான் படுத்துக் கிடக்கிற நேரமாப் பார்த்து வந்துட்டா எல்லாம் போச்சு."

"புண்ணு வந்த அன்னிக்கும் இதே மாதிரிதான் இருந்தீங்க."

அவன் சாலையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். புண் வந்தால் பதிவேட்டில் பெயர் இருக்கும், ஆள் இருக்கமாட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு, "தூக்கு" என்றான்.

வரப்பில் குப்புறப் படுத்த ஐந்து நிமிஷத்தில் ஜீப் வந்தது. செல்லதுரைக்கு முகமெல்லாம் பல். "பாருங்க சார், வரப்புல தூங்கிட்டிருக்கான். இந்த நாத்து முடியெல்லாம் தம்பிக்காரன் பறிச்சுக் கட்டிப் போட்டது. இவன் வேஷத்துக்கு வந்திருக்கான்."

தாசில்தார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மனுவைப் படித்தார். "மேற்படி மருதையன் மூன்று வருஷ காலமாக நிலத்தில் கால் வைக்கவே இல்லை. இதுக்கு என்னப்பா சொல்றே?"

"வச்சிருக்கேங்க சார்." மருதையன் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினான். "ரெண்டு கால் வச்சிருக்கேன். இது நாத்தங்கால். அதோ, அது வாய்க்கால்."

தாசில்தாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்ததற்காகப் பதிவு போட முடியாதே. "இதை நீதான் பறிச்சேன்னு யார் சொல்லுவாங்க?" என்று கேட்டார்.

நடவுக்கு வந்து நின்ற பெண்களுக்குத் தலைமையாள் காளியம்மாள். மிராசுதார் பண்ணையிலும் அவள்தான் நடவு. வாய் திறந்தால் அங்கே நாளைக்கு வேலை இருக்காது. இருந்தும் அடக்க முடியவில்லை. இரண்டு நாற்று முடிகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நான் சொல்றேங்க. நாத்துப் பறிக்கிற ஆம்பிளைங்க முடியைக் கால்லதான் தட்டி மண்ணை உதறுவாங்க. எப்படித் தட்டினாலும் வேர்ல களிமண்ணு நிக்கும். இது இவரு தம்பி பறிச்சது, பாருங்க. இவருக்குத் தட்டக் கால் ஏது? உணர்ச்சி இல்லாத கால்ல தட்டினா தோல் கிழிஞ்சுடும்னு தண்ணியில அலசுவாரு. இந்த வேரைப் பாருங்க, சோத்துப் பருக்கை கணக்கா வெள்ளையா இருக்கு. போன சம்பாவிலேருந்து இந்த முடியைத்தானே நடறோம்."

தாசில்தார் இரண்டையும் வாங்கிப் பார்த்தார். சட்டையில் சேறு சொட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை. "சரி. இறங்கிக் காட்டு, பார்ப்போம்" என்றார்.

"இப்ப முடியாதுங்க" என்றான் மருதையன்.

செல்லதுரை, "பார்த்தீங்களா சார்!" என்று துள்ளினார்.

"பத்தரை வரைக்கும் நான் படுக்கணும். என் உடம்பு இப்படித்தாங்க வேலை செய்யும். பத்தரைக்கு இறங்கினா பன்னண்டரை வரைக்கும் பறிப்பேன். நீங்க இருந்து பாருங்க."

ஒரு குத்தகைக்காரன் தாசில்தாரைக் காத்திருக்கச் சொன்னதை அந்த ஊர் அதுவரை கேட்டதில்லை. தாசில்தாரோடு வந்த சேவகனுக்கே வேர்த்தது. தாசில்தார் அம்சவல்லியின் மணிக்கட்டைப் பார்த்து, "இப்ப மணி என்னம்மா?" என்றார்.

"ஒம்பதே முக்காலுங்க."

அவர் குடையை விரித்து வரப்பில் உட்கார்ந்துகொண்டார். செல்லதுரையும் நின்றுதான் ஆகவேண்டியிருந்தது. முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றார், பாவம்.

பத்தரைக்கு அம்சவல்லி கண்ணாடியை எடுத்தாள். தாசில்தார் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "சிவப்பு இல்லை" என்றாள். இளையபெருமாள் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகப் பிடித்து இறக்கினார்கள். மருதையன் கையை ஊன்றினான். பலகை வழுக்கிக்கொண்டு போனது. பறித்தான், அலசினான், கட்டினான். ஆறாவது முடியில் தாசில்தார் பேனாவைத் திறந்து, எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார்: "சாகுபடி செய்பவர், மருதையன். உடலுழைப்பு நேரில் காணப்பட்டது."

பேனாவை மூடி எழுந்தவர், "போதும்ப்பா, ஏறிக்கோ" என்றார்.

மருதையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்குங்க" என்றான்.