குழாயின் மறுமுனை

2005 டிசம்பரில், மழை விட்ட பிறகு, கீழ்புத்துப்பட்டுப் பக்கம் காலியாகக் கிடந்த உப்புக் கிடங்கில் கண்ணாடிச் சிற்பி ஒருவர் உலை போட்டார். நாற்பது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. புதுச்சேரி அரசுக் கலைக்கூடத்துக்குச் சிற்பம் ஒன்று செய்துதர ஒப்புக்கொண்டிருந்தார். என் மனைவி இறந்தது 2004 ஆகஸ்டில். மரக்காணத்தில் உப்பு எடை போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பேச்சுத்துணை இல்லாமல் இருந்த நான் வேடிக்கை பார்க்கப் போனேன்.

பெரிய சிற்பத்துக்கு இரண்டு பேர் வேண்டும். உருகிய கண்ணாடியை இரும்புக் குழாயின் நுனியில் எடுத்து, அவர் உட்கார்ந்து உருட்டிக்கொண்டே நனைத்த செய்தித்தாளால் வடிவம் கொடுப்பார். அப்போது மறுமுனையில் ஒருவர் ஊத வேண்டும். அதற்கென்று இருந்த உதவியாள் துபாய் போய்விட்டிருந்தான்.

"சும்மா நிக்கிறதுக்கு ஊதலாமில்ல சார்?" என்றார்.

கன்னம் புடைக்க ஊதினேன். "நாதஸ்வரம் கேக்கல சார். வயித்துல இருந்து, மெதுவா."

பிறகு ஞாயிறுதோறும் போனேன். பாத்தியில் உப்பு விளையத் தொடங்கும்போது நீர்மேல் ஆடை மாதிரி ஒன்று படரும். அதைத்தான் அவர் கண்ணாடியில் கொண்டுவர நினைத்தார். இரண்டு முறை விரிசல் விட்டது. அவர் அதிகம் பேசமாட்டார். ஆனாலும் வாரத்தில் ஒரு நாள் என் சமையலை இன்னொருவர் சாப்பிட்டார். புளிக்குழம்பில் உப்பு கூட என்று ஒருமுறை சொன்னார். அதுகூட எனக்குப் பிடித்திருந்தது.

மார்ச்சில் மூன்றாவது முறை குழாயை எடுத்தபோது சொன்னார்: "இது நல்லா வந்துட்டா நான் பரோடா கிளம்பிடுவேன் சார். அங்க வேலை இருக்குது."

குழாய் என் வாயில் இருந்தது. அவர் சொன்னபோது ஊதினேன், போதும் என்றபோது நிறுத்தினேன். சிற்பம் நன்றாக வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு கிடங்கு பூட்டியிருந்தது.

ஜூனில், சிற்பத்தைக் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைத்தபோது என்னையும் அழைத்திருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார். "அங்க ஊதறவன் சரியில்ல சார். நீங்க வந்துடுறீங்களா?"

சிரித்துக்கொண்டே கேட்டதால் நானும் சிரித்தேன். அதற்குள் யாரோ கூப்பிட, போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கூனிமேடு தாண்டும்போதுதான், வருகிறேன் என்று சொல்லிப் பார்த்திருக்கலாமோ என்று தோன்றியது.